மறுகா

எண்ணூறு ரூபா டிக்கெட்.
ஏசி என்று போட்டிருந்தார்கள், ஏசி இருந்தது.
அதில் குறை சொல்ல முடியாது.

முப்பதாவது நிமிடத்தில்
கதாநாயகன் ஒரு கண்ணாடிக்குள் போனான்.
வெளியே வந்தது அவனா, கண்ணாடியில் இருந்தவனா என்று
முன்வரிசையில் ஒருவர் உரத்துக் கேட்டார்.
ஒருத்தருக்கும் தெரியவில்லை.
மழை கீழிருந்து மேலே பெய்தது.
ஒரே அறையை ஏழு தரம் காட்டினார்கள்.
ஏழாம் தரம் சுவரின் நிறம் மட்டும் மாறியிருந்தது,
அதற்கொரு வயலின்.
இடைவேளையில் ரோல்ஸ் வாங்கப் போன வாத்தியார்
திரும்பி வரவே இல்லை.

கதை சொல்கிறவனிடம் மட்டக்களப்பில்
கேட்பதற்கு ஒரே கேள்விதான்.
வந்தான். மறுகா?
கதவைத் தட்டினான். மறுகா?
இந்தப் படத்தில் மறுகா இல்லை.
தாங்குகம்பை நழுவவிட்ட தோணி
வாவி நடுவில் சுற்றுவதுபோல
சுற்றிக்கொண்டே கிடந்தது.

பழைய படம் எனக்குத் தெரியும்.
சமாதானம் என்று சொல்லிக்கொண்ட அந்த வருசம்
செட்டிபாளையத்தில், ஜெகநீதன் வீட்டு ஹோலில்,
ஜெனரேட்டருக்கு ஆளுக்கு இருபது ரூபா போட்டு
பதினொரு பேர் பார்த்தோம்.
சீடி இரண்டு.
காத்தான்குடியில் ஜௌபர் நானா கடையில்
மார்க்கரால் ஒன்று, இரண்டு என்று எழுதித் தந்தது.
மாற்றி எழுதிவிட்டார்.
எங்களுக்கு அது தெரியாது.

தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே
தம்பிக்காரன் செத்துப்போனான்,
தண்டவாளத்துக்குப் பக்கத்தில்,
ஒரு கால் செருப்பைக் காணவில்லை.
யார் அவன், இவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள்,
ஒண்டும் விளங்கவில்லை.
ஆனாலும் கண் கலங்கியது.
ஜெகநீதனின் தங்கச்சி புஸ்பலதா
குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டே அழுதாள்.
முற்றும் என்று போட்டார்கள்.
இன்னும் ஒரு சீடி மிச்சம்.
மறுகா? என்றான் ஜெகநீதன்.

போட்டோம்.
பெயர்கள் ஓடின. ஒரு கதவு திறந்தது.
செத்தவன் வந்தான்.
இரண்டு செருப்பும் போட்டிருந்தான்.
சைக்கிளைச் சாத்தினான், சோறு கேட்டான்,
அக்காவின் கொண்டையை இழுத்தான்.
அந்த வீட்டில் ஒருவரும் திடுக்கிடவில்லை.
நாங்கள்தான் வாய் பிளந்து இருந்தோம்.

மூன்று நாள் சண்டை.
பேய் என்றான் சதாகரன்.
இரட்டைப் பிள்ளை என்றார் கிளாக்கர்.
நாலாம் நாள் சீடியைத் திருப்பிக் கொடுக்கப் போக
நானாவே சிரித்துச் சிரித்துச் சொன்னார்.
ஜெகநீதன் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.
"நாம பார்த்ததுதான்டா சரியான படம்."

அந்த நேரான கதையைத்தான்
இப்போது முறுக்கிப் பிழிந்து திரும்ப எடுத்திருக்கிறார்கள்.

அந்த இடம் வந்தது.
தம்பி செத்தான்.
கதவு திறந்தது, தம்பி வந்தான்.
என் பக்கத்தில் புஸ்பலதா
கதிரை நுனிக்கு வந்துவிட்டாள்.
உடனே ஒரு வெள்ளைக்கோட்டுக்காரர்
பலகையில் வட்டம் வட்டமாய்க் கீறி விளக்கினார்:
அது தம்பி இல்லை,
அண்ணனின் மூளையில் ஒரு நரம்பு.
பிறகு அந்த வெள்ளைக்கோட்டும் இல்லையென்று காட்டினார்கள்.
பிறகு அந்த வீடும்.
அவள் கதிரையில் சாய்ந்துகொண்டு
ஹெல்மெட்டை மடியில் வைத்தாள்.

கல்லடிப் பாலத்தில் காற்று.
விளங்கினதா, என்று கத்திக் கேட்டேன்.
"விளங்கினதுதான் எனக்குப் பிரச்சினை"
என்றாள் பின்னால் இருந்து.
"அவன் சும்மா வந்திருக்கலாந்தானே.
வந்து சோறு கேட்டிருக்கலாந்தானே."

ஜெகநீதன் இரண்டாயிரத்து ஆறில்
களுவாஞ்சிகுடிக்கு டியூப் ஒட்டப் போனவன்.

ஆரையம்பதியில் பெற்றோல் அடித்த பெடியன்
என் சட்டைப்பையில் நீட்டிக்கொண்டிருந்த
டிக்கெட்டைப் பார்த்துவிட்டான்.
"அண்ண, படம் எப்பிடி? போகலாமா?"
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.
புஸ்பலதா சொன்னாள்:
"இடைவேளைக்குப் பிறகு போ தம்பி.
முதல் பாதியை மறுகா பாரு."